ராகுகாலம் முடிவதற்குள் ஓர் உண்மை

வாங்க, இப்படி உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் விரிசல். சி பிளாக் பதினாலுதானுங்களே? மூன்றாவது மாடி. இந்த ஹவுசிங் யூனிட்டில் லிஃப்ட் கிடையாது. இருந்தாலும் இப்போது நீங்க ஏற மாட்டீங்க. மணி அஞ்சே கால். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி வரைக்கும் ராகுகாலம். பஸ் சீக்கிரம் கொண்டுவந்து இறக்கிவிட்டது, கேட்டுக்கு வெளியே நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள், அதனால் உள்ளே வந்து என்னிடம் இங்கே தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டீங்க. சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் தண்ணீரைத்தான் விசாரிப்பார்கள். வெள்ளைச் சட்டையில் கடை மடிப்பு இன்னும் போகவில்லை. கையில் ஒரு சீப்புப் பழம், பூ இல்லை. பூ வாங்கினால் சம்மதம் என்று ஆகிவிடும், பழம் என்றால் சும்மா எட்டிப் பார்த்த கணக்கு. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் நீங்க. சரிதானுங்களே?

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அந்த விசாரணை முடிந்தது. இனி நான் பேசுகிறேன்.

நான் யாரென்று நீங்க கேட்கவே இல்லையே. மறைக்க என்ன இருக்கிறது, நான்தான் பெண்ணுக்கு அப்பச்சி. பெண்ணின் அம்மாவைப் பெற்றவன். பேர் சென்னியப்பன். முக்கு டீக்கடையில் விசாரித்திருப்பீங்க. ‘காயில் சென்னியப்பனா? வாயைத் திறந்தால் பாதி பொய்’ என்றிருப்பான். பாதி என்றா சொன்னான்? அவனுக்கு என்மேல் பிரியம் ஜாஸ்தி.

அந்தப் பேரால்தான் இன்றைக்கு என்னை வீட்டைவிட்டுக் கீழே இறக்கிவிட்டார்கள். மருமகன் பழனிவேல் தங்கமான பையன். என் தங்கச்சி மகன்தான், வேறு ஆளில்லை. அவன் வந்து, “மாமா, அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க கீழ காத்தாட உக்காருங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க” என்றான். பெற்ற மகள் கோகிலா என்ன சொன்னாள் தெரியுமா? ஒன்றுமே சொல்லவில்லை. நாற்காலியை எடுத்துக் கொடுத்தாள். எழுபத்து நாலு வயசில் ஒரு மனுசனை, அவன் பேத்திக்கு சம்பந்தம் பேச வருகிற நாளில், வாட்ச்மேன் மாதிரி மோட்டார் ரூம் பக்கத்தில் உட்கார வைப்பது நியாயமா, சொல்லுங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. புது இடம்.

ஆனால் என் பேத்தி நித்திலா இருக்கிறாளே, அவள் வேறு மாதிரி. மத்தியானம் மாடிப்படியில் என்னை மடக்கினாள்.

“அப்பச்சி, அந்த மாமா ராகுகாலத்துல மேல வரமாட்டாரு. கீழ உங்ககிட்டத்தான் உக்காருவாரு. நான் காபி கொண்டுவர்றதுக்கு முன்னால அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கோணும். அம்மாவும் அப்பாவும் அப்புறம் சொல்லிக்கலாங்கறாங்க. அப்புறம்னா எப்ப? தாலி கட்டினதுக்கு அப்புறமா?”

“நாஞ் சொன்னா ஆரு கண்ணு நம்புவாங்க?” என்றேன்.

“அத்தனை பொய்ய நம்ப வெச்சீங்கல்ல. ஒரே ஒரு நெசத்தை நம்ப வைக்க முடியாதா?”

பாருங்க, எழுபத்து நாலு வருஷத்தில் இப்படி ஒரு சவால் எனக்கு யாரும் விட்டதில்லை. பொய்யை நம்ப வைப்பது ஒரு வேலையா? நாலு விவரம், நடுவில் ஒரு இருமல், போதும். உண்மைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. உங்க அக்கா பையன் அகிலனுக்கு எல்லாம் தெரியும். ஒரே ஆபீஸ், இரண்டு வருஷப் பழக்கம், அவளே சொல்லிவிட்டாள். தெரியாதது பெரியவர்களுக்குத்தான். ஆறு மணிக்குள் நான் அதை உங்களிடம் சொல்லி, நீங்க நம்பியும் ஆகவேண்டும். நம்பாமல் மேலே போய்க் காபி குடித்தீங்க என்றால், நாளைக்கு வேறு யாராவது சொல்லி, ‘ஏமாத்திட்டாங்க’ என்று ஆகிவிடும். அவள் அந்தப் பேரோடு ஒரு வீட்டுக்குப் போகமாட்டாள். அதைவிடக் கல்யாணமே வேண்டாம் என்பாள். சொன்னால் செய்கிறவள்.

சரி, விஷயம் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், நித்திலாவுக்குப் பதினேழு வயசில், கல்லீரல் மாற்றினார்கள். அவளுடையதை மொத்தமாக எடுத்துவிட்டு, என்னுடையதில் பாதியை வெட்டி அங்கே வைத்தார்கள். பாருங்க, தழும்பைக் காட்டுகிறேன். பதினாலு மணி நேரம். நான் மயக்க மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்...

இருங்க. மன்னிச்சுக்குங்க. பழக்க தோஷம். இது குடலிறக்கத்துக்குக் கிழித்த தழும்பு. கல்லீரல் கொடுத்தது நானில்லை. முதலிலிருந்து வருகிறேன். இனிப் பொய் வந்தால் நானே சொல்லிவிடுகிறேன், நீங்க கையைத் தூக்க வேண்டாம்.

என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. பீளமேட்டில் கடை. கிணற்று மோட்டார், மில் மோட்டார், கிரைண்டர் மோட்டார், எது எரிந்து வந்தாலும் பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் கட்டி, வார்னிஷில் முக்கி, சூடு காட்டிக் கொடுப்பேன். நாற்பது வருஷம். நான் கட்டிய காயில் ஒன்றுகூட எரிந்து திரும்பி வந்ததில்லை. இதில் பொய் இல்லை. கேட்டுப் பாருங்க.

அந்தச் செம்புதான் இந்தக் கதையில் வில்லன் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நித்திலா பன்னிரண்டாவது படிக்கும்போது அவள் கையெழுத்து கோணிப்போனது. முத்து முத்தாக எழுதுகிற பிள்ளை, நோட்டில் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி சின்னதாகி, சாய்ந்துகொண்டே போனது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி தரையில். பேச்சு கொஞ்சம் குழறியது. ஸ்கூலில், போன் பார்த்துக் கெட்டுப்போய்விட்டாள் என்றார்கள். கோகிலா திட்டினாள். நான் மட்டும் அறிவாளியல்லவா, உடம்பில் சத்தில்லை, செம்புப் பாத்திரத்தில் ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடித்தால் ஈரல் சுத்தமாகும் என்று இரண்டு செம்புக் குடம் வாங்கிவந்தேன். தினம் விடிகாலையில் நானே ஒரு சொம்பு கொடுப்பேன். அவளும் ‘அப்பச்சிக்காக’ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.

அப்புறம் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். மஞ்சள் இறங்கவில்லை, வயிறு ஊதிக்கொண்டு வந்தது. நாலாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. வயசு முப்பத்தஞ்சுக்குள்தான் இருக்கும். ரத்தம் எடுத்தார்கள், என்னென்னவோ பார்த்தார்கள். இரண்டாம் நாள் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, “இந்தப் பொண்ணோட உடம்புல செம்பு சேர்ந்துபோச்சு” என்றார்.

நாற்பது வருஷம் செம்புக் கம்பியோடு புழங்கியவன் நான். நகக்கண்ணில் செம்புத்தூள் இல்லாமல் அந்தப் பிள்ளையை ஒருநாள் தூக்கியதில்லை. போதாததற்கு இரண்டு குடம் வேறு. நான் எழுந்து நின்று, “டாக்டரம்மா, போலீசைக் கூப்பிடுங்க. செம்புக் குடத்துல தண்ணி குடுத்து இதைச் செஞ்சவன் நான்தான்” என்றேன்.

டாக்டரம்மா பழனிவேலைப் பார்த்தார். பழனிவேல், “அவர் அப்படித்தானுங்க, கண்டுக்காதீங்க” என்றான். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா பொறுமைசாலி. நிதானமாகச் சொன்னார். நாம் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறது, பருப்பு, கடலை, எள்ளு எல்லாவற்றிலும். உடம்புக்குத் துளி போதும். மிச்சத்தைப் பித்தநீரில் கலந்து வெளியே தள்ளுகிற வேலை கல்லீரலுடையது. சில பேருக்குப் பிறவியிலேயே அந்த வேலை நடக்காது. செம்பு தேங்கித் தேங்கி முதலில் கல்லீரலைத் தின்னும், அப்புறம் மூளைக்கு ஏறும், அதனால்தான் கை நடுக்கம், எழுத்துக் கோணல். கண்ணிலும் படியும். “உங்க குடத்துனால வந்ததில்லைங்க தாத்தா. ஆனா இனிமே அதுல தண்ணி குடுக்காதீங்க” என்றார்.

“கண்ணுல எப்படிங்கம்மா?” என்று கேட்டேன்.

“கருவிழி ஓரத்துல சுத்தி ஒரு வளையம். பொன்னும் பழுப்புமா இருக்கும். உங்க பேத்திக்கு இருக்கு.”

நித்திலா கட்டிலில் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே, “அப்பச்சி, எனக்கும் மருது தாத்தா கண்ணா?” என்றாள்.

அது யார் மருது என்று டாக்டரம்மா கேட்டார். கோகிலா உடனே, “அதெல்லாம் எங்கப்பா உடற கதைங்க. எழுதிக்காதீங்க” என்றாள்.

மருதாசலம் என் தம்பி. என்னைவிட இரண்டு வயசு இளையவன். அவன் கண்ணில் கருப்பைச் சுற்றித் தங்க வளையம் இருந்தது. வெயிலில் நிற்க வைத்துப் பார்த்தால் மின்னும். அவனைப் பற்றி நான் ஐம்பது வருஷமாகச் சொல்லாத ஆளில்லை. மைசூரிலிருந்து ஒரு நகைக்கடைக்காரன் வந்து அந்தக் கண்ணுக்கு விலை கேட்டான் என்பேன். இருட்டில் அவன் பார்த்தால் பூனை ஓடும் என்பேன். கல்யாண வீட்டுப் பந்தியில், ரயிலில், கடை வாசலில், எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள். சிரிக்கிற இடத்தோடு நிறுத்திவிடுவேன். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்வதில்லை.

அதற்கப்புறம் அவனுக்குக் கை நடுங்கியது. சாமி வந்திருக்கிறது என்றார்கள். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் குறி கேட்க வந்தார்கள். அவன் குழறிக் குழறி என்னவோ சொல்வான், வந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு போவார்கள். அப்புறம் வயிறு ஊதி, மஞ்சளாகி, பதினேழு வயசில் போய்விட்டான். சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று வீட்டில் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். பேனாவை எடுத்து எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் சொன்னதை ஒருத்தர் எழுதிக்கொண்டது என் ஆயுசில் அன்றைக்குத்தான். பூனை விஷயத்தை மட்டும் எழுதவில்லை. அது போகட்டும்.

எழுதி முடித்து, உங்க குடும்பத்தில் யார் யாருக்கு என்ன முறை, வரைந்து பார்க்கவேண்டும் என்றார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. நான் சொல்லச் சொல்ல வரைந்தார். என் தங்கச்சி வேலாத்தாள். அவளை என் மச்சினனுக்குக் கொடுத்தோம், அந்த மச்சினனின் அக்காவை நான் கட்டினேன். கொடுத்து எடுத்தோம். வேலாத்தாள் மகன் பழனிவேல். அவனுக்கு என் மகள் கோகிலா. எங்கள் அப்பா கட்டியதும் அவருடைய தாய்மாமன் மகளைத்தான். நாலு தலைமுறையாகப் பெண்ணை வெளியே கொடுத்ததில்லை என்று கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “தாத்தா, இதை நாங்க வம்ச மரம்னு சொல்லுவோம். இது மரம் மாதிரியே இல்லையே. எந்தக் கிளையும் வெளிய போகலை, எல்லாம் சுத்திச் சுத்தி உள்ளயே வருது.”

எட்டிப் பார்த்தேன். “மரமில்லீங்கம்மா. இது காயில்” என்றேன்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. நீங்க என்ன தொழில்? ஜவுளியா? அப்படியென்றால் கேளுங்க. செம்புக் கம்பிமேல் மெல்லிசாக ஒரு பூச்சு இருக்கும். கட்டும்போது எங்கேயாவது அதில் கீறல் விழும். ஒரு கம்பியில் கீறல் இருந்தால் ஒன்றும் ஆகாது, பக்கத்துக் கம்பியின் பூச்சு காப்பாற்றிவிடும். மோட்டார் நூறு வருஷம் ஓடும். ஆனால் ஒரு கீறலும் இன்னொரு கீறலும் நேருக்கு நேர் ஒட்டினால் போச்சு, அங்கே ஷார்ட். டாக்டரம்மா சொன்னதும் அதுவேதான். கோகிலாவிடம் ஒரு கீறல், பழனிவேலிடம் ஒரு கீறல். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, ஜம்மென்று இருக்கிறார்கள். இரண்டும் நித்திலாவிடம் வந்து ஒட்டிக்கொண்டன. அதே கம்பியையே திரும்பத் திரும்பச் சுற்றினால் அதே கீறல்தானே திரும்பத் திரும்பப் பக்கத்தில் வரும்.

டாக்டரம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாள் வேறு ஒரு குடும்பத்துக்கு இதையே சொல்லிக்கொண்டிருந்தார். என் பேரைச் சொல்லவில்லை. அதுவும் போகட்டும்.

முன்னாடியே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே போயிருக்குமாம். செம்பை வெளியேற்ற மருந்து இருக்கிறது, வாழ்நாள் பூரா சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். நித்திலாவுக்குக் கல்லீரல் கைவிட்டுவிட்டது. நாள் கணக்குத்தான், மாற்றியாக வேண்டும் என்றார்கள். வேறு கல்லீரல் வைத்தால் வியாதி அதோடு போய்விடும், ஏனென்றால் கோளாறு இருந்ததே அங்கேதான். பெற்றவள் கொடுத்தால் அவளிடமும் கீறல் ஒன்று இருக்கிறதே என்று நான் கேட்டேன். ஒன்று இருந்தால் வேலை செய்யும் என்றார்கள். பெற்றவர்களில் ஒருத்தர் பாதி கொடுத்தால் போதும், கொடுத்தவருக்குச் சில மாசத்தில் வளர்ந்துவிடும் என்றார்கள். வாலறுந்த பல்லி மாதிரி என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

முதலில் நான்தான் போய் நின்றேன். “ஐம்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டோம்” என்றார்கள். எனக்கு அப்போது அறுபத்தாறு. ஐம்பத்திரண்டு என்றேன். டாக்டரம்மா பேப்பரைப் புரட்டிவிட்டு, “உங்க மகளுக்கு முப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கு. பதிமூணு வயசுல பெத்தீங்களா?” என்றார்.

“எங்க பக்கம் கொஞ்சம் சீக்கிரமுங்க” என்றேன்.

இதற்குத்தான் சிரித்தார்கள். கோகிலா மட்டும் சிரிக்கவில்லை. பழனிவேலின் ரத்தம் சேரவில்லை. அவள் ரத்தம் சேர்ந்தது.

உடம்பின் ஓர் உறுப்பில் பாதியை ஒருத்தர் கொடுப்பதென்றால் சும்மா வெட்ட மாட்டார்கள். ஒரு குழு இருக்கிறது, மேஜை போட்டு நாலு பேர். காசுக்காகக் கொடுக்கிறார்களா, யாராவது மிரட்டுகிறார்களா என்று தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. சரி, நான்தான் கொஞ்சம் தள்ளிவைத்தேன். ஒரு பெரியவர் கேட்டார், “ஏம்மா, இது நீங்களா எடுத்த முடிவா? ஆராச்சும் வற்புறுத்தினாங்களா?”

கோகிலா சொன்னாள், “என்னைப் பத்தின ஒரு விசயத்துல, உனக்குச் சம்மதமான்னு கேட்கற மொத ஆளு நீங்கதானுங்க. நல்லா எழுதிக்குங்க. இது என்ற சொந்த முடிவு.”

பாருங்க பேச்சை. நான் அவளுக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. டைப்ரைட்டிங் கிளாசுக்கு அனுப்பினேன், சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு அவள் அம்மாவின் வாய். என்ன பேசிக்கொண்டிருந்தேன்? ஆமாம், ஆபரேஷன்.

விடிகாலையில் இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோனார்கள். சாயந்திரம் வரைக்கும் கதவு திறக்கவில்லை. வெளியே பெஞ்சு நிறைய ஜனம். எல்லாம் என் மாதிரி யாருக்காகவோ காத்திருக்கிறவர்கள். சாதாரணமாக அந்தக் கூட்டத்தில் என்னை விட்டால் நாலு மணி நேரம் போவது தெரியாது. பக்கத்தில் இருந்த ஒருத்தர், திருப்பூர்க்காரர், “ஏனுங்க, எதாச்சும் பேசுங்க, மனசு கெடந்து அடிச்சுக்குது” என்றார். வாயைத் திறந்தேன். ஒரு பொய்கூட வரவில்லை. சொட்டுகூட வரவில்லை.

அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. அதை அந்தத் திருப்பூர்க்காரரிடமும் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மணி என்ன? அஞ்சே முக்கால். நேரமிருக்கிறது.

நீங்க கேட்டில் நின்று போனில் பேசினீங்களே, அது என் காதில் விழுந்தது. ‘அக்கா, வெள்ளிக்கிழமை கோயில்ல பூ வாக்குக் கேட்டுட்டு முடிவு பண்ணிக்கலாம்’ என்றீங்க. உங்கள் பக்கமும் அந்த வழக்கம்தான் போலிருக்கிறது. எங்கள் பக்கமும் அதுவேதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. சாமி சொன்ன பிறகு ஒருத்தரும் பேசக்கூடாது.

கோகிலாவுக்கு இருபது வயசில், அந்த டைப்ரைட்டிங் கிளாசில் வாத்தியாராக இருந்த பையனைப் பிடித்துப்போனது. பொள்ளாச்சிப் பக்கம். நம் ஆட்கள்தான், ஆனால் எந்த வகையிலும் சொந்தமில்லை. பழனிவேலுக்கென்று பிறந்ததிலிருந்து பேசிவைத்தது. என் தங்கச்சி வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கோகிலா பிடிவாதம். கடைசியில், பழனிவேலைக் கட்டலாமா வேண்டாமா, சாமி சொல்லட்டும் என்று முடிவானது. கோகிலாவும் ஒப்புக்கொண்டாள். “சாமி சொன்னா கட்டிக்கறேன்” என்றாள்.

கட்டுகிற வேலை என்றால் எங்கள் வீட்டில் வேறு யார் கட்டுவார்கள்? காயில் கட்டுகிற விரல். இரண்டு பொட்டலமும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. குழந்தை ஒன்றை எடுத்தது. பிரித்தால் வெள்ளை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோகிலாவும் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு, “அந்த இன்னொரு பொட்டலம் எங்கீங்கப்பா?” என்று கேட்டாள். சாமி பாதத்தில் வைத்துவிட்டேன் என்றேன்.

வைக்கவில்லை. என் சட்டைப் பையில் இருந்தது. கடைக்குப் போய் வார்னிஷ் டப்பாவில் போட்டு மூடினேன். அதுவும் வெள்ளை.

சும்மா ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்தேன். நான் சொன்னதில் பெரிய பொய் எதுவென்று கேட்டால் மைசூர் நகைக்கடைக்காரனைத்தான் சொல்வேன். இது வாயால் சொன்னதே இல்லையே, விரலால் செய்ததுதானே. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மா வரைந்த கோடுகள் கண்ணுக்குள் சுற்றின. கடைசிச் சுற்று யார் சுற்றியது? ஒரு காயிலும் எரிந்து திரும்பி வந்ததில்லை என்று உங்களிடம் சொன்னேனே. ஒன்று வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது.

இருட்டுகிற நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்து, இரண்டு பேரும் நல்லாயிருக்கிறார்கள் என்றார். நான் அவர் காலில் விழப்போனேன். “வேணாம் தாத்தா, குனிஞ்சா உங்க குடலிறக்கம்” என்றார். அதையும் நினைவு வைத்திருக்கிறார் பாருங்க.

அவ்வளவுதான் கதை. ஆறு மாசத்தில் கையெழுத்து திரும்பி வந்தது. அந்த வளையமும் கண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது. பரீட்சை எழுதி, காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், உங்க அக்கா பையனைச் சந்தித்து, இன்றைக்கு நீங்க இந்தப் பழத்தோடு வந்து உட்கார்ந்திருக்கீங்க. ஆயுசுக்கும் காலை ஆறு மணி, சாயந்திரம் ஆறு மணி மாத்திரை உண்டு. வந்த கல்லீரலை உடம்பு அந்நியன் என்று விரட்டாமல் இருக்க. அம்மாவுடையதாக இருந்தாலும் உடம்புக்கு அது வெளி ஆள்தானாம். வேளை தப்பக்கூடாது. வருஷத்துக்கு இத்தனை தடவை டாக்டரிடம் காட்டவேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ளலாம், டாக்டர் பார்வையில். சொந்தத்தில் கட்டாமல் வெளியே கட்டினால் அந்த வியாதி குழந்தைக்கு வருகிற பயம் ரொம்பக் குறைவு என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். பேப்பர் மேலே பீரோவில் இருக்கிறது, கேளுங்க, காட்டுவாள். நாலு தலைமுறையில் எங்கள் வீட்டில் வெளியே கொடுக்கப்போகிற முதல் பெண் இவள்தான். என் தங்கச்சிக்கு அதில் இன்னும் கோபம்.

பழத்தைக் கீழே வைத்துவிட்டீங்க. நம்புகிற முகமா, நம்பாத முகமா என்று தெரியவில்லை. தப்பில்லை. டீக்கடைக்காரன் சொன்னது ஒரு காதில் இருக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கு நாற்காலியை எடுத்துக் கொடுத்தாளே கோகிலா, ஒன்றும் சொல்லவில்லை என்றேனே, அது முழுசாகச் சரியில்லை. ஒரு வார்த்தை சொன்னாள். “அவங்க பூ வாக்குக் கேட்டாலும் கேப்பாங்களாம்ப்பா. இந்தத் தடவை நீங்க கட்ட வேண்டாம்.” ஏன் அப்படிச் சொன்னாள்? எனக்கு வயசாகிவிட்டது, விரல் முன்ன மாதிரி நிற்பதில்லை, அதனால் சொல்லியிருப்பாள். அப்படித்தான் இருக்கும். நீங்க என்ன நினைக்கறீங்க?

இருங்க, பையில் போன் அடிக்கிறது. இல்லை, கால் இல்லை, அலாரம். ஆறு மணி. எட்டு வருஷமாக வைத்திருக்கிறேன். நித்திலா போனிலும் அலாரம் இருக்கிறது, கோகிலா போனிலும் இருக்கிறது. இருந்தாலும் என்னுடையதும் அடிக்கவேண்டும். மூன்றாவது மாடி பால்கனியைப் பாருங்க. அந்தத் துணி காய்கிற இடம்.

“போட்டாச்சு, அப்பச்சி!”

கேட்டீங்களா? தினம் இரண்டு வேளை. நான் எங்கே இருந்தாலும் அவள் அதைச் சொல்லியாகவேண்டும், நான் அதைக் கேட்டாகவேண்டும். ஒரு பொய்க்காக எட்டு வருஷம் விடிகாலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிற ஆள் நானில்லை, அது டீக்கடைக்காரனுக்கே தெரியும்.

ராகுகாலம் முடிந்தது. எழுந்திருங்க. படி நாற்பத்தெட்டு, இரண்டாவது மாடியில் நின்று மூச்சு விட்டுப் போங்க. பழத்தை மறந்துவிட்டீங்க, இந்தாங்க. மேலே கேட்டால், கிழவன் தண்ணீர் வசதியைத் தவிர வேறு வாய் திறக்கவில்லை என்று சொல்லிவிடுங்க. பழனிவேல் நம்பமாட்டான். சொல்லிவையுங்க.

அப்புறம், ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை உங்க அக்கா பூ வாக்குக் கேட்கத்தான் வேண்டும் என்றால் கேட்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். யார் வேண்டுமானாலும் கட்டட்டும். குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்கும், எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். நீங்க மட்டும் அதைப் பார்க்காதீங்க. கீழே இன்னொன்று கிடக்கும் பாருங்க, அதையும் எடுத்துப் பிரிச்சுப் பாருங்க.